தேடப் போகாத நரி

கரடி சடையாண்டியின் மகளுக்குக் காலையில் கல்யாணம் முடிந்தது. மாலையில் வரவேற்பு. காட்டில் இருந்த எல்லோருக்கும் அழைப்பு போயிருந்தது. அழைப்பு போகாதவர்களும் கட்டாயம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஆற்றங்கரையில் பெரிய மூங்கில் பந்தல். நடுவில் மேடை. மேடைக்கு மேலே பூத்தோரணம். ஒரு பக்கம் சமையல், இன்னொரு பக்கம் பந்தி. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். விருந்தாளிகள் வரிசையில் வந்து, ஏறி, பரிசைக் கொடுத்து, பக்கத்தில் நிற்பார்கள். மரங்கொத்தி அவர்களைப் பார்த்துப் பார்த்து மரப்பட்டையில் படம் செதுக்கும். படம் முடிகிறவரை யாரும் அசையக் கூடாது. மரங்கொத்தி பொல்லாத கோபக்காரப் பறவை. யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட, "எல்லாம் போச்சு! வேற பட்டை கொண்டு வாங்க!" என்று கத்தும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, குழந்தைகள் வந்து சேரும்வரை.

பெரியவர்களுக்கு வரவேற்பில் நிறைய வேலை உண்டு. யார் என்ன பரிசு கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். யாருடைய பையனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்று விசாரிக்க வேண்டும். குழந்தைகளுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. வேலை இல்லாத குழந்தைகள் தாங்களே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

முயல்குட்டிகள் மேடையின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் குதித்தன. குரங்குக்குட்டிகள் தோரணத்தில் தொங்கின. நீர்நாய்க்குட்டிகள் பன்னீர்ச் செம்பைப் பிடுங்கி, வந்தவர்களை எல்லாம் தொப்பலாக நனைத்தன. யானைக்குட்டி பொன்னையா மாப்பிள்ளையின் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது. மரங்கொத்தி ஒரே படத்துக்கு மூன்று பட்டைகளைப் பாழாக்கிவிட்டது.

இதையெல்லாம் சம்பந்தி பார்த்துக்கொண்டே இருந்தது.

சம்பந்தி என்றால் மாப்பிள்ளையின் அப்பா, மேல்மலைக் கரடி வல்லத்தரசு. பெரிய உடம்பு. ரொம்பச் சின்னப் பொறுமை. அது சடையாண்டியைத் தனியாகக் கூப்பிட்டது.

"சம்பந்தி! என் மூத்த பையன் வரவேற்புலயும் இப்படித்தான் பிள்ளைங்க ஓடியாடிச்சு. ஒரு சட்டித் தேனு அப்படியே என் தலையில கவுந்துச்சு. எறும்பு என்னை விட்டுப் போக மழைக்காலமே வர வேண்டியதாப் போச்சு!"

"ஐயோ! இங்க அப்படி நடக்காதுங்க சம்பந்தி!"

"நடக்கக் கூடாது! இனிமே ஒரு பிள்ளை மேடையில ஏறினாலும் சரி, ஒரு பிள்ளை கத்தினாலும் சரி, நாங்க கை நனைக்காம கிளம்பிடுவோம்! சொல்லிட்டேன்!"

சடையாண்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கரடிக்கு ஏற்கெனவே மயிர் அதிகம். வேர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் எழுந்து போவதைவிடப் பெரிய அவமானம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இல்லை. அவமானம் இன்றோடு போகாது. மகள் புகுந்த வீட்டில் குடத்தைக் கீழே வைத்தால் சொல்லிக் காட்டுவார்கள், எடுத்தாலும் சொல்லிக் காட்டுவார்கள். சடையாண்டி மேடையைப் பார்த்தது. மகள் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நின்றது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அப்பா கரடிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஒரு குரல் கேட்டது.

"அண்ணே! எதுக்குக் கலங்குறீங்க? நான் இருக்கேன்ல?"

நரி சிங்காரம்! வாலை நன்றாகச் சீவி, காதோரம் ஒரு பூ வைத்துக்கொண்டு வந்திருந்தது.

"பிள்ளைங்களை என்கிட்ட விடுங்க. ஒரு சின்னச் சத்தம்கூட வராமப் பார்த்துக்கிறேன்!"

"உனக்குப் பிள்ளைங்களைப் பார்த்துக்கத் தெரியுமா சிங்காரம்?"

"என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? பிள்ளைங்கன்னா எனக்கு உசுரு!"

இது சுத்தப் பொய். குழந்தைகள் எதிரே வந்தால் நரி வேறு வழியாகப் போகும். அதற்கு வேண்டியது வேறு. அந்தக் காட்டில் எந்த விருந்தானாலும் நரிக்குக் கடைசிப் பந்திதான். கடைசிப் பந்தியில் என்ன இருக்கும்? தெளிந்த ரசமும், பரிமாறுகிறவர்களின் கொட்டாவியும்தான் இருக்கும். பணியாரம் எல்லாம் முதல் பந்தியோடு போய்விடும்.

"ஆனா ஒண்ணு அண்ணே. முதல் பந்தியில, உங்க சம்பந்தி பக்கத்துல, எனக்கு ஒரு இலை போடணும்."

"ஒரு இலை என்னப்பா, போட்டுட்டாப் போச்சு! முதல்ல அந்தப் பசங்களைப் பிடி!"

நரி பிள்ளைகளை எல்லாம் மாமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனது.

"எல்லாரும் உட்காருங்க! மாமா கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்..."

"அவருக்கு வால் இருந்துச்சா?" என்று கேட்டது ஒரு குரங்குக்குட்டி.

"இல்லை."

"வால் இல்லாம எப்படி மரம் ஏறினாரு?"

"ராஜா எதுக்கு மரம் ஏறணும்? ஏற மாட்டாரு!"

"அப்ப பழம்?"

"ஆளுங்க பறிச்சுக் கொடுப்பாங்க!"

"சீ! சோம்பேறி ராஜா! எங்களுக்கு இந்தக் கதை வேண்டாம்!"

பிள்ளைகள் எழுந்துவிட்டன. நரி அவசரமாக இரண்டு கால்களில் நின்று ஒரு ஆட்டம் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்பு மேடைவரை கேட்டது. "எல்லாம் போச்சு!" என்று மரங்கொத்தி அலறியது. சம்பந்தி திரும்பி முறைத்தது.

நரி ஆட்டத்தை விட்டுவிட்டு, வாசலில் வைத்திருந்த கற்கண்டைத் தட்டோடு தூக்கிவந்து பங்கு போட்டது. வாயில் கற்கண்டு இருந்தால் பேச மாட்டார்கள் என்று அதற்கு எண்ணம். பேசவில்லைதான். ஆனால் கற்கண்டு உள்ளே இறங்கியதும் அணில்பிள்ளைகள் பந்தக்காலில் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு நிமிஷம் நிற்கவில்லை. யானைக்குட்டி பொன்னையா தும்பிக்கையால் பேரிகையை அடிக்கக் கிளம்பிவிட்டது.

நரிக்கு மூச்சு வாங்கியது. சமையல் பக்கமிருந்து தேன் பணியாரத்தின் வாசனை வந்தது. முதல் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்! 'இந்தச் சனியன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தால் என் இலையில் யார் உட்காருவது?' என்று நரி யோசித்தது. யோசிக்க யோசிக்க அதன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நரி அப்படிச் சிரித்தால் யாருக்கோ கஷ்டம் வரப் போகிறது என்று அர்த்தம்.

"பிள்ளைங்களா! கண்ணாமூச்சி ஆடலாமா?"

"ஆடலாம்! ஆடலாம்!"

"ஷ்ஷ்! மெதுவா! நான் எண்ணுவேன். நீங்க எல்லாரும் ஒளிஞ்சுக்கணும். சத்தமே வரக் கூடாது. சத்தம் போட்டா ஆட்டத்துல இல்லை. யாரு கூப்பிட்டாலும் வெளியே வரக் கூடாது. அப்பா கூப்பிட்டாலும், அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாது! நான் வந்து தொட்டாத்தான் எழுந்திருக்கணும். கடைசியா மாட்டுறவங்கதான் ஜெயிச்சவங்க!"

பிள்ளைகள் குதித்தன. எல்லோருக்கும் பின்னால் ஒரு சின்ன முள்ளெலிக் குட்டி நின்றது. பெயர் தில்லை. ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அது முன்னால் வந்து நரியின் காலைத் தொட்டது.

"மாமா, நிஜமாவே தேடுவீங்களா?"

"தேடாம? அதானே ஆட்டம்!"

"இல்லை மாமா. நான் சின்னதா இருக்கேனா, எல்லாரும் என்னை மறந்துடுவாங்க. மத்தவங்களைக் கண்டுபிடிச்சதும் ஆட்டம் முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. நான் ஒளிஞ்சபடியே இருப்பேன்."

"நான் மறக்க மாட்டேன்! சத்தியமா உன்னைத் தேடிக் கண்டுபிடிப்பேன்! போ, போ, ஓடு!"

தில்லையின் முகம் மலர்ந்தது. அது குடுகுடுவென்று ஓடியது.

நரி மாமரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணியது. எண்ணும்போதே ஓரக்கண்ணால் பார்த்தது. ஒரு பிள்ளைகூடக் கண்ணில் படவில்லை. பந்தலில் அப்படி ஓர் அமைதி.

"தேடறதா? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று நரி முணுமுணுத்தது. பூவைச் சரிசெய்துகொண்டு நேராகப் பந்திக்கு நடந்தது.

பந்தியில் வல்லத்தரசு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

"சம்பந்தி! பரவாயில்லையே! இவ்வளவு அமைதியான வரவேற்பை நான் பார்த்ததே இல்லை!"

"எல்லாம் நம்ம சிங்காரத்தோட கைவரிசைங்க!" என்று சடையாண்டி பூரித்துப் போனது.

"உட்காருப்பா, உட்காரு! என் பக்கத்துல உட்காரு!" என்றது வல்லத்தரசு.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இலை முழுக்கப் பரிமாறினார்கள். கிழங்கு வறுவல், பலாப்பிஞ்சுப் பொரியல், மூங்கிலரிசிப் பாயசம், தேன் சொட்டச் சொட்டப் பணியாரம்! ஆனால் யாரும் கை வைக்கவில்லை. சம்பந்தி முதல் வாய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். அதுதான் முறை. நரிக்கு எச்சில் ஊறி இலையிலேயே சொட்டியது. சமையல் பக்கமிருந்து, "பொரியல் ரெண்டாம் பந்திக்குப் பத்தாது! இன்னும் பலாப்பிஞ்சு நறுக்கணும்!" என்று சமையல்காரக் குரங்கின் குரல் கேட்டது.

வல்லத்தரசு கையைத் தூக்கியது. பணியாரத்தின் மேல் குனிந்தது.

அதே நேரத்தில் மேடையில் யானைக் குடும்பத்தின் முறை வந்தது.

"குடும்பப் படம்தானே? பிள்ளையைக் கூப்பிடுங்க!" என்றது மரங்கொத்தி.

"பொன்னையா! டேய் பொன்னையா! படம் செதுக்குறாங்கடா, வா!" என்று அம்மா யானை கூப்பிட்டது.

பதில் இல்லை.

"பொன்னையா!"

பின்னால் நின்ற முயலம்மா சும்மா திரும்பிப் பார்த்தது. "என் பிள்ளைங்க இங்கதானே விளையாடிட்டிருந்துச்சு?" என்றது. அதற்குப் பின்னால் நின்ற குரங்கம்மா பார்த்தது. நீர்நாயம்மா பார்த்தது. வரிசையே திரும்பியது. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் அலறியது.

"ஐயோ! பிள்ளைங்களைக் காணோம்!"

வல்லத்தரசின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

"என் பேரன் எங்கே?"

மூத்த மருமகள் கரடி ஓடிவந்தது. "நீங்கதானே மாமா 'ஓடியாடாதே, ஒரு மூலையில உட்காரு'ன்னு அவன்கிட்ட சொன்னீங்க? அந்த மூலையில அவனைக் காணோம்!"

வல்லத்தரசு எழுந்து நின்றது. "சத்தம் இல்லைன்னு சந்தோஷப்பட்டேனே! பிள்ளைங்களே இல்லைன்னா சத்தம் எங்கேருந்து வரும்?" என்று உறுமியது. "எல்லாப் பிள்ளையும் வரணும்! ஒரு பிள்ளை குறைஞ்சாலும் எங்க ஆளுங்க ஒருத்தர் கையும் இந்த இலையில படாது!"

மேல்மலைக் கரடிகள் எல்லாம் தடதடவென்று எழுந்தன. மேடையில் மகளின் சிரிப்பு மறைந்தது. எந்த அவமானத்துக்குச் சடையாண்டி பயந்ததோ, அது இதோ எதிரில் வந்து நின்றது.

இந்தக் களேபரத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நரி ஒரு பணியாரத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனது. பின்னாலிருந்து சடையாண்டியின் கை அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கியது. பணியாரம் இலையில் விழுந்தது.

"சிங்காரம்! பிள்ளைங்க எங்கடா?"

"க... கண்ணாமூச்சி ஆடுறாங்க அண்ணே!"

"யாரு தேடுறது?"

"நான்தான்."

"இலையிலயா தேடிட்டிருக்கே?"

நரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தது. "ஒரு குரல் கொடுத்தா வந்துடுவாங்க அண்ணே!" என்று சொல்லிவிட்டு, பந்தல் நடுவில் நின்று கத்தியது. "பிள்ளைங்களா! ஆட்டம் முடிஞ்சுது! எல்லாரும் வெளியே வாங்க!"

ஓர் அசைவும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நாங்க ஏமாற மாட்டோம்!"

"ஷ்ஷ்! பேசாதே! மாட்டிக்குவோம்!" என்றது இன்னொரு குரல்.

அம்மாக்கள் கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள். திட்டினார்கள். ஒரு பிள்ளையும் வரவில்லை. பிள்ளைகள் சொன்னபேச்சுக் கேட்பதில்லை என்று குறை சொல்கிறார்களே, அன்றைக்கு நரி சொன்ன பேச்சை அவ்வளவு பிள்ளைகளும் எழுத்துப் பிசகாமல் கேட்டன!

யானைக்குட்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அது ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் தலையை மட்டும் மறைத்துக்கொண்டு நின்றது. மீதி உடம்பு முழுக்க வெளியே இருந்தது. அம்மா யானை வாலைப் பிடித்து இழுத்தது.

"வாடா வெளியே!"

"மாட்டேன்! நீ தேடக் கூடாது! நரி மாமா தொட்டாத்தான் வருவேன்!"

வேறு வழியில்லை. நரிதான் தேட வேண்டும். நரி முன்னால் போனது. காட்டில் இருந்த அத்தனை பேரும் பின்னால் போனார்கள். நரி தொட்டதும் பொன்னையா, "ஐயையோ, மாட்டிக்கிட்டேன்!" என்று துள்ளிக்கொண்டு வந்தது. பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் அண்டா இருந்தது. அதில் குமிழி வந்தது. நரி உள்ளே கைவிட, நீர்நாய்க்குட்டிகள் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. தோரணத்தில் நான்கைந்து பூக்கள் மட்டும் மூச்சு விட்டன. அவை குரங்குக்குட்டிகள்! முயல்குட்டிகள் மேடைக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்திருந்தன. அணில்பிள்ளைகள் மாப்பிள்ளையின் மாலைக்குள்ளேயே இருந்தன.

"அதான் அப்பப்ப கூசுச்சா!" என்றது மாப்பிள்ளைக் கரடி. "சிரிச்சா மரங்கொத்தி திட்டுவாரேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்!"

சீர்வரிசைக் கூடைகளில் ஒரு கூடை லேசாக ஆடியது. நரி மேலே கிடந்த பட்டுத்துணியை விலக்கியது. உள்ளே மேல்மலைக் கரடியின் பேரன்!

"தாத்தா! பார்த்தீங்களா? நான் சத்தமே போடலை!" என்று அது கைகளை விரித்தது.

வல்லத்தரசு பேரனை அப்படியே தூக்கி அணைத்துக்கொண்டது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. கோபத்தில் குலுங்கியதா, வேறு எதிலாவதா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

"எல்லாரும் கிடைச்சாச்சு!" என்று நரி கையைத் தட்டியது. "பந்திக்குப் போகலாம்! பணியாரம் ஆறிடும்!"

எல்லோரும் திரும்பினார்கள். கரடிகள் இலைகளின் முன்னால் உட்கார்ந்தன. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. கூட்டத்தில் அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அது மறுபடி சொன்னது.

"என் பொண்ணைக் காணோமுங்க. தில்லையை."

முள்ளெலியம்மா நின்றுகொண்டிருந்தது. அதன் கண் நிறைந்திருந்தது.

'நான் மறக்க மாட்டேன்' என்று தில்லையிடம் சொன்னது நரிக்கு ஞாபகம் வந்தது. சுத்தமாக மறந்துவிட்டிருந்தது.

"அவ எங்க ஒளிவா அக்கா?"

"எங்க ஒளிவாளோ தெரியாது. ஆனா ஒளிஞ்சா உருண்டையாச் சுருண்டுக்குவா. இடியே விழுந்தாலும் அசைய மாட்டா. சொன்ன சொல்லுக்கு அவ்வளவு கட்டுப்படுற பொண்ணு."

வல்லத்தரசு மறுபடி எழுந்தது. இலையை விட்டு விலகி நின்றது, அவ்வளவுதான். சடையாண்டி நரியைப் பார்த்தது. மேடையிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கித் தேட வந்துவிட்டார்கள். புதர், கூடை, பானை, இலைக்கட்டு என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். தில்லை எங்கும் இல்லை.

பந்தல் நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் சமையல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

டக். டக். டக்.

குரங்கு பலாப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தது.

நரியின் காது நிமிர்ந்தது. உருண்டை. மேலெல்லாம் முள். அப்படி ஒரு பிள்ளை ஒளிந்தால் எங்கே ஒளியும்? தன்னைப் போலவே உருண்டையாக, மேலெல்லாம் முள்ளாக இருக்கிறவற்றுக்கு நடுவில் ஒளியும்!

"ஐயோ!" என்று நரி பாய்ந்தது. பூ ஒரு பக்கம் விழுந்தது. சீவிய வால் சேற்றில் புரண்டது. நரி எதையும் கவனிக்கவில்லை. சமையல்காரக் குரங்கு அடுத்த பலாப்பிஞ்சைப் பலகையில் வைத்துக் கத்தியை ஓங்கியிருந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அது பிஞ்சா, பிள்ளையா?"

குரங்கு பலகையைப் பார்த்தது. "பிஞ்சுதான்..." என்றது. பிறகு பக்கத்தில் கிடந்த குவியலைப் பார்த்தது. கத்தி தானாகக் கீழே விழுந்தது.

அடுப்புப் புகையில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. எல்லாம் உருண்டை, எல்லாம் முள். பலாப்பால் வாடையில் நரியின் மூக்குக்கு வேறு எந்த வாசனையும் பிடிபடவில்லை.

"தில்லை! நான்தான் கண்ணு, நரி மாமா! எழுந்திரு!"

எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தில்லை அசையுமா? தொட்டால்தான் வரும். நரி ஒவ்வொன்றாக மூக்கால் முட்டிப் பார்த்தது. இது பிஞ்சு. இதுவும் பிஞ்சு. பிசுபிசுவென்று பலாப்பால் மூக்கில் ஒட்டியது. மீசையில் ஒட்டியது. வாயெல்லாம் ஒட்டியது. நரி விடவில்லை. குவியலின் அடிக்குப் போயிற்று. கடைசியாக மூலையில் கிடந்த ஒரு குட்டிப் பிஞ்சை முட்டியது.

சுருக்!

பலாப்பிஞ்சின் முள் குத்தாது. முள்ளெலியின் முள் குத்தும். நரி துள்ளி விழுந்தது. அந்தக் 'குட்டிப் பிஞ்சு' மெதுவாக விரிந்து, இரண்டு கண்களைத் திறந்தது.

"மாமா! தொட்டுட்டீங்க!"

அம்மா முள்ளெலி ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டது.

"ஏண்டி, பக்கத்துல கத்திச் சத்தம் கேட்டுச்சே! எழுந்து ஓடியிருக்கக் கூடாதா?"

"பயமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா மாமா வந்து தொடுறேன்னு சத்தியம் பண்ணினாரே! நான் பாட்டுக்கு எழுந்து போயிட்டா, அவரு வந்து தேடி ஏமாந்துடுவாருல்ல?"

நரிக்குப் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கப் பார்த்தது. திறக்கவில்லை. பலாப்பால் காய்ந்து மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"ம்ம்ம்! ம்ம்!" என்றது நரி.

வல்லத்தரசு எல்லோரையும் ஒரு தடவை பார்த்தது. பேரன் அதன் தோளில் உட்கார்ந்து காதைத் திருகிக்கொண்டிருந்தது.

"பந்தி போடுங்க!" என்றது அது. "பிள்ளைங்களுக்கும் இங்கேயே, எங்க பக்கத்துலயே இலை போடுங்க! சத்தம் போட்டாப் போடட்டும்! காதுக்கு நல்லாயிருக்கும்!"

வல்லத்தரசு உட்கார்ந்து முதல் வாய் எடுத்தது. மேல்மலைக் கரடிகள் எல்லாம் கை நனைத்தன. சடையாண்டி பெருமூச்சு விட்டது. மகளுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. பிறகு சடையாண்டி நரியிடம் வந்தது.

"சிங்காரம், உனக்கு ஒரு இலைன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். உட்காரு! சாப்பிட முடிஞ்சாச் சாப்பிடு!"

நரி சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தது. எதிரே சூடாகப் புதுப் பணியாரம் வந்து விழுந்தது. எடுத்து வாயில் வைத்தது. உதட்டில் முட்டி நின்றது. இன்னொரு பக்கமாக வைத்துப் பார்த்தது. அங்கேயும் வழி இல்லை. ஆயுசெல்லாம் ஆசைப்பட்ட முதல் பந்தியில், இலை நிறைய இருந்தும், ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன.

தில்லை மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க! பாவம் மாமா! என்னை எவ்வளவு நேரம் தேடினாரோ! மூக்கெல்லாம் வீங்கிடுச்சு பாருங்க!"

அது சமையல் பக்கம் ஓடி, இலைக்கிழிசலில் கொஞ்சம் எண்ணெய் வாங்கிவந்தது. நரியின் மூக்கிலும் உதட்டிலும் குட்டிக் கையால் தேய்த்தது. பலாப்பால் எண்ணெய்க்கு மசியும். தேய்க்கத் தேய்க்க இளகியது. ப்ளக்! நரியின் வாய் திறந்தது.

எல்லோரும் நரி பணியாரத்தின் மேல் பாயும் என்று பார்த்தார்கள். நரி பாயவில்லை. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து எண்ணெயோடு கலந்தது.

"தில்லை... நான் தேடவே இல்லை கண்ணு."

"என்ன மாமா?"

"உங்களை ஒளிய விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்துட்டேன். பணியாரம் தின்ன! உன்னை மறந்தே போயிட்டேன். உங்கம்மா கேட்ட பிறகுதான் வந்தேன். நீ கத்திக்குப் பக்கத்துல என்னை நம்பிக் கிடந்திருக்கே!"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தில்லையின் முள்ளெல்லாம் மெல்லச் சிலிர்த்து நின்றது. பிறகு ஒவ்வொன்றாகப் படிந்தது.

"அப்படின்னா அந்த ஆட்டம் செல்லாது மாமா," என்றது அது. "நீங்க தேடவே இல்லையே! இப்ப ஒழுங்கா ஆடணும். வாங்க, எண்ணுங்க!"

"ஆமா! செல்லாது! செல்லாது!" என்று பிள்ளைகள் எல்லாம் கத்தின.

நரி இலையைப் பார்த்தது. பணியாரத்திலிருந்து ஆவி பறந்தது. நரி தில்லையைப் பார்த்தது. பிறகு எழுந்து போய், வீங்கிய மூக்கை மாமரத்தில் வைத்து, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தது. பந்தியில் வல்லத்தரசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, நரியின் பணியாரத்தை மெதுவாகத் தன் இலைக்கு நகர்த்திக்கொண்டது.

அன்று கடைசிப் பந்தி எடுக்கும்வரை நரி தேடிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளையைக்கூட விடவில்லை.

குழந்தையிடம் விளையாட்டுக்குச் சொன்ன சொல்லையும் அது முழுதாக நம்பிக் காத்திருக்கும் என்பதால், சொன்னவர் அதைக் காப்பாற்றியே தீர வேண்டும்.